கபாடபுரமா, ராஜ முத்திரையா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தமிழ் நாவல் சொல்லுங்கள் என்று தூத்துக்குடியில் ஒரு தமிழாசிரியரிடம் கேட்டால் நா. பார்த்தசாரதி பெயர் சட்டென்று வரும். அதே கேள்வியை அந்தப் பிள்ளையின் தாத்தாவிடம் கேட்டால் சாண்டில்யன் என்பார். சொன்ன கையோடு, "ஆனா இப்ப வேண்டாம், காலேஜ் போன பெறகு படி" என்று ஒரு பூட்டும் போடுவார். ஆசிரியர் கொடுத்த புத்தகம் முப்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகப்பட்டு அலமாரியில் கிடக்கும். தாத்தா பூட்டிய புத்தகத்தைப் பிள்ளை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துப் படித்து முடித்திருக்கும்.

இந்த இரண்டு எழுத்தாளர்களும் இதே முத்துக் கடற்கரையை வைத்து ஆளுக்கொரு நாவல் எழுதியிருக்கிறார்கள். நா.பா. எழுதியது 'கபாடபுரம்'. சாண்டில்யன் எழுதியது 'ராஜ முத்திரை'. இரண்டிலும் பாண்டிய இளவரசன் உண்டு, முத்து உண்டு, துறைமுகம், சதி, மாறுவேடம், காதல் எல்லாம் உண்டு. இளையவர்களுக்கான வாசிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. வைத்துப் பார்த்தால் ஆசிரியர் சிபாரிசின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். முதலில் சாண்டில்யன், அப்புறம் நா.பா. என்பது என் கட்சி. தாத்தாவின் பூட்டை ஏன் திறக்கச் சொல்கிறேன் என்பதையும், திறந்துவிட்டு நாம் ஏன் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

மாயமும் காதலும் கேட்கும் பசி இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி'யில் 1960 முதல் 'கன்னித்தீவு' வந்துகொண்டிருக்கிறது. சிந்துபாத், லைலா, மந்திரவாதி, கடல், தீவு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெற்கத்திப் பிள்ளைகள் அதைப் படித்திருக்கிறார்கள். படிப்பது பெருமைக்குரிய காரியம் என்று மட்டும் யாரும் நினைத்ததில்லை. இன்றைக்கு ஹாரி பாட்டர் தமிழிலேயே கிடைக்கிறது. காதல் தொடர்கதைகள் பிரதிலிபி செயலியில் நாள்தோறும் கொட்டுகின்றன. அம்மாக்கள் ரமணிசந்திரன் படிக்கிறார்கள். மகள்கள் அம்மாவுக்குத் தெரியாமல் அதையே படிக்கிறார்கள். ஆகவே பிள்ளைகள் படிப்பதில்லை என்ற புலம்பலை விட்டுவிடலாம். அவர்கள் படிப்பதைப் பற்றி அவர்களோடு பேச ஆள் இல்லை என்பதுதான் குறை.

இருவரையும் பற்றிச் சுருக்கமாக. சாண்டில்யன் 1910இல் பிறந்தவர். பத்திரிகையாளராக இருந்து நாவலுக்கு வந்தவர். குமுதத்தில் வாரா வாரம் அவர் எழுதிய சரித்திரத் தொடர்களுக்காக ஜனங்கள் கடைவாசலில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. நா.பா. 1932இல் பிறந்தவர். தமிழ் படித்த பண்டிதர், 'கல்கி'யில் பணியாற்றியவர், 1965 முதல் 'தீபம்' என்ற இலக்கிய இதழை நடத்தியவர், 'சமுதாய வீதி'க்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய 'குறிஞ்சி மலர்' வந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த பெற்றோர் பலர். இருவருமே 1987இல் காலமானார்கள். ஒருவரைப் பண்டிதர்கள் மதித்தார்கள், இன்னொருவரை நூலக அட்டைகள் மதித்தன. இருவர் புத்தகங்களும் இன்னும் அச்சில் இருக்கின்றன.

கதைக்கு வருவோம். 'ராஜ முத்திரை' பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதை. 1251இல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன், சேரன் வீரரவி உதயமார்த்தாண்டனை வென்ற வரலாற்றுச் செய்தியைச் சுற்றிக் கட்டியது. பாண்டிய நாட்டு முத்துகள் களவு போகின்றன. இளவரசி முத்துக்குமரியும் காணாமல் போகிறாள். துப்புத் துலக்கப் பாண்டிய இளவரசன் வீரபாண்டியன் கொற்கைக்கு வருகிறான். அங்கே கோட்டைத் தலைவரின் மகள் இளநங்கை இருக்கிறாள். இந்திரபானு என்ற வாலிபன் முத்துக்குமரியைத் தேடிச் சேர நாட்டுக்குள் நுழைகிறான். இதற்கு மேல் சொன்னால் படிக்கப் போகிறவர் என்னை மன்னிக்கமாட்டார்.

'கபாடபுரம்' இன்னும் பழைய காலத்துக்குப் போகிறது; காலமே இல்லாத காலம் என்றுகூடச் சொல்லலாம். பொருநை கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியர் கட்டிய கோநகரம். இளைய பாண்டியன் சாரகுமாரன் இசை பயின்றவன். அவன் தாத்தா வெண்தேர்ச் செழியன் நகரத்தையே உருவாக்கிய கிழச் சிங்கம். பாணர் குலத்துப் பெண் கண்ணுக்கினியாள் பாடுகிறாள். இளவரசன் மனம் அந்தக் குரலின் பின்னால் போகிறது. நண்பன் முடிநாகனோடு அவன் தெற்குத் தீவுகள் பக்கம் கடலோடுகிறான். நகரத்தின் அடியில் சுரங்க வழிகள், துறைமுகத்தில் கடற்கொள்ளைக்காரர் நடமாட்டம், அரண்மனையில் தாத்தாவின் ராஜதந்திரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் மாயக்கதை 'கபாடபுரம்'. வரலாற்றுக் கதை 'ராஜ முத்திரை'. உள்ளே போனால் நிலைமை தலைகீழ்.

நா.பா. எடுத்துக்கொண்ட விஷயத்தில் மாயம் கொட்டிக் கிடந்தது. பாண்டியரின் கபாடத்தை வால்மீகி ராமாயணம் முத்தும் பொன்னும் பதித்ததாகச் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பாண்டிய கவாடத்து முத்து என்று ஒரு வகையையே பட்டியலிடுகிறது. இறையனார் அகப்பொருள் உரை இடைச்சங்கம் அங்கே 3700 ஆண்டு இருந்தது என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒரு செய்தி தருகிறார். அநாகுலன் என்ற பாண்டியன் தேரில் வானத்தில் போகிறான். திலோத்தமை என்ற தெய்வப் பெண்ணைக் காண்கிறான். அந்தத் தேரிலேயே கூடுகிறான். அவர்களுக்குப் பிறந்தவன் சாரகுமாரன். அவனுக்கு இசை புரியவைப்பதற்காக எழுதப்பட்டதுதான் 'இசைநுணுக்கம்' என்ற நூல். ஒரு இசை இலக்கண நூல் எப்படி வந்தது என்று சொல்ல வந்த உரையாசிரியர், போகிற போக்கில் பறக்கும் தேரையும் தேவ கன்னியையும் வீசிவிட்டுப் போகிறார். இன்றைக்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கையில் இந்த ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்தால் மூன்று பாகத்துக்கு மாயக்கதை எழுதும்.

நா.பா. அதைச் செய்யவில்லை. தேரைத் தரையில் இறக்கிவிட்டார். அவருடைய சாரகுமாரன் மண்ணில் நடக்கிற இளவரசன். அவன் சங்கடங்களும் மண்ணில் நடக்கிறவனின் சங்கடங்கள். மாயமெல்லாம் ஊரிடம் போய்விட்டது. கடல் கொள்ளப் போகிற ஊர் என்று நமக்குத் தெரியும், அங்கே நடமாடுகிறவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரிதலும் தெரியாமையும்தான் நாவலில் மந்திரம் போட்டது மாதிரி வேலை செய்கிறது. விழா நாளில் தெருவெல்லாம் விளக்கு எரியும்போது படிப்பவனுக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. ஆனால் இதை உணர ஒரு முன்னறிவு வேண்டும். கபாடபுரம் கடல்கொண்ட கதையைக் கேள்விப்படாத பிள்ளைக்கு அது இன்னொரு ராஜா ஊர், அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமைக்காரரான புதுமைப்பித்தன் இதே பெயரில் ஒரு சிறுகதை எழுதினார். அவர் தேரை இறக்கவே இல்லை. படிக்கிறவனையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டார். அது வயது வந்தவர்களுக்கான மயக்கம்.

சாண்டில்யனிடம் வேறு கூத்து. அவர் கல்வெட்டுப் பெயர்களையும் ஆண்டுகளையும் முன்னால் நிறுத்தி, இது வரலாறு என்று சத்தியம் செய்கிறார். ஆனால் அவர் காட்டும் கொற்கை, கப்பல் நெருங்கி நிற்கும் கொற்கை, அந்த நூற்றாண்டில் அப்படி இருந்திருக்க வாய்ப்பில்லை. பொருநை கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் கொற்கையை விட்டு விலகிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சுந்தரபாண்டியன் பட்டத்துக்கு வந்து சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ பேசுவதெல்லாம் காயல் துறைமுகத்தைப் பற்றி, அதாவது பழையகாயலைப் பற்றி. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, ஒன்று ஓய்ந்ததால்தான் மற்றது எழுந்தது என்று எழுதினார். ஆக, உண்மையான ராஜாவை வைத்துக்கொண்டு சாண்டில்யன் எழுதியதும் ஒரு கனவு ஊர்தான். சங்க காலத்துக் கொற்கையைப் பெயர்த்து எடுத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நட்டுவிட்டார்.

இதைக் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. ஏரல் பக்கம் இருக்கும் இன்றைய கொற்கைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தப் பிழையே பெரிய லாபம். வாழைத் தோட்டம், குளம், அக்காசாலை ஈசுவரமுடையார் கோயில், கிழட்டு வன்னிமரம். "கடல் எங்க சார்?" என்பார்கள். கடல் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது சிப்பிகள் கிடைத்தன. ஒரு மாதிரியின் கரிமக் கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. நாவலைப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த வாழைத் தோட்டத்தில் கேட்க நூறு கேள்வி இருக்கும். படிக்காமல் வந்தவன் நிழல் தேடி உட்கார்ந்து செல்போனை எடுப்பான்.

இனி வேகம். 'ராஜ முத்திரை' இரண்டு பாகம், தலையணைத் தடிமன். 'கபாடபுரம்' ஒல்லியான புத்தகம். ஆனாலும் பிள்ளைகள் தடித்ததை முடிக்கிறார்கள், ஒல்லியானதில் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் அத்தியாயங்களின் வால்களில் இருக்கிறது. சாண்டில்யன் வாரப் பத்திரிகையின் பிள்ளை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் யாராவது கதவைத் திறக்கும் கணத்தில் முடிப்பார். நுழைந்தது யார் என்று அடுத்த வாரம்தான் தெரியும். அடுத்த வாரம் வந்தாலும் உடனே சொல்லமாட்டார்; கதவைத் திறந்தவன் முகத்தைப் பார்த்து உள்ளே இருந்தவன் எப்படித் திகைத்தான் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார். இந்தத் தந்திரத்தை நான்காவது தடவை கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகளும் ஐந்தாவது தடவை ஏமாறுகிறார்கள். ஏமாறுவதில் ஒரு சந்தோஷம்.

நா.பா.வுக்கு அவசரம் இல்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார், பிறகு நின்று அதைப் பற்றி யோசிப்பார். தாத்தா செழியன் பேரனுக்குச் சொல்லும் அரசியல் பாடங்கள் அழகாக இருக்கும், ஆனால் பாடங்கள்தான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு பையன் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டான்: "சார், இந்த இளவரசன் லவ் பண்றானா, நோட்ஸ் எடுக்கானா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நா.பா.வின் உரைநடை காதுக்கு இனிமையானது; சத்தமாக வாசித்தால்தான் அதன் சுகம் தெரியும். மௌனமாக, வேகமாகப் படிக்கப் பழகிய கண்ணுக்கு அது தடை. ஆகவே 'கபாடபுரம்' வாசித்துக் காட்ட வேண்டிய நாவல், 'ராஜ முத்திரை' தனியே விட்டுவிட வேண்டிய நாவல். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பல நல்ல புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கெடுக்கிறோம்.

காதலுக்கு வருவோம். தாத்தாவின் பூட்டு இங்கேதான் தொங்குகிறது.

சாண்டில்யனின் சிருங்காரம் பிரசித்தம். நாயகி முதன்முதலில் வரும்போது கதை நின்றுவிடும். கூந்தலில் ஆரம்பித்துக் கால் வரை இறங்குவார், மறுபடியும் ஏறுவார். அதற்குள் வாளை உருவியவன் உருவியபடியே நிற்க வேண்டும். பெரியவர்கள் இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார்கள். பயம் தப்பான இடத்தில் இருந்தது. இன்றைய பிள்ளை கையில் இருக்கும் செல்போனில் வருவதற்கு முன்னால் சாண்டில்யன் வர்ணனை வெறும் உவமைப் பயிற்சி. கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அந்த வர்ணனைகளில் கண் எப்போதும் ஆணுடையது. அவன் பார்க்கிறான், அவள் பார்க்கப்படுகிறாள். அவள் வேண்டாம் என்று முகம் திருப்பினால் அதை வெட்கம் என்று கதை எடுத்துக்கொள்கிறது. பதினாறு வயதுப் பையன் இதைத் தனியே படித்து, பெண் வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள் என எண்ணிக்கொண்டால், அந்தப் பழியில் பாதி பூட்டியவர்களுக்கும் உண்டு. பூட்டியதால் பேசவில்லை, பேசாததால் கேட்கவில்லை.

பேசினால் என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். "இவரு அவள வர்ணிச்சு முடிக்கதுக்குள்ள எதிரி கப்பல் ஏறிப் போயிருவான் சார்" என்றாள் ஒருத்தி. பையன்கள் முகத்தில் அசடு வழிந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம், கதையில் இளநங்கை தானாக முடிவெடுத்த இடங்கள் எவை, அவளுக்காக மற்றவர் முடிவெடுத்த இடங்கள் எவை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சாண்டில்யனுக்கு ஆதரவாக அன்றைக்கு ஒரு நல்ல வாதமும் வந்தது: அவருடைய பெண்கள் பார்க்கப்படுகிறார்கள், சரி, ஆனால் அவர்களுக்கு அரசியல் தெரியும், ஆபத்தில் நடுங்கி மூலையில் ஒடுங்குவதில்லை, ஆண்களைப் பேச்சில் மடக்குகிறார்கள். இதுவும் உண்மை. பெண்ணின் உடம்பைப் பொம்மையாகவும் புத்தியைக் கூர்மையாகவும் ஒரே பக்கத்தில் எழுதிய விசித்திரம் அவருடையது.

நா.பா.வின் காதல் காதில் தொடங்குகிறது. சாரகுமாரன் கண்ணுக்கினியாளின் குரலுக்கு மயங்குகிறான். அவனும் இசை கற்றவன், அவளும் இசையில் பிறந்தவள். அந்த ஒரு தளத்தில் இளவரசனும் பாணர் மகளும் சமம். இளைய வாசகர்களுக்கு நான் தரக்கூடிய காதல் கதைகளில் இவ்வளவு மரியாதையான தொடக்கம் கொண்டவை குறைவு. எதிரே நிற்பது வில்லன் அல்ல, அன்பான தாத்தா. பேரன்மேல் உயிரையே வைத்திருக்கும் கிழவர், அரச குலம் என்ற ஒன்றின்மேலும் உயிரை வைத்திருக்கிறார். குலம் பார்த்துக் காதலை நிறுத்தும் பெரியவர்கள் கொடூரர்களாக இருக்க வேண்டியதில்லை, அன்பானவர்களாகவே இருந்து அதைச் செய்ய முடியும் என்பதை நா.பா. காட்டிவிடுகிறார். அந்தத் தாத்தாவைக் கண்டிக்கிறாரா என்று கேட்டால், எனக்கென்னவோ அவருக்குத் தாத்தாமேல் பாசம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது என்று படுகிறது. தியாகத்தை அவர் எப்போதும் ஒரு படி உயரத்தில் வைத்துத்தான் எழுதுவார். தென் மாவட்டங்களில் சாதி மாறிய காதல் என்ன விலை கேட்கிறது என்று தினமும் செய்தித்தாளில் பார்க்கும் பிள்ளைகளிடம் அந்த உயரத்தை அப்படியே விட்டுவிட முடியாது. 'தாத்தா செய்தது சரியா?' என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சாண்டில்யனின் சிருங்காரத்தைவிட இந்த இடம்தான் எனக்குக் கவனமாகக் கையாள வேண்டியதாகத் தோன்றுகிறது. ஆசிரியர்கள் 'கபாடபுர'த்தைப் பயமில்லாத புத்தகம் என்று கொடுக்கிறார்கள். அது அப்படிப்பட்ட புத்தகம் இல்லை.

இரண்டு நாவலிலும் இல்லாத ஒரு ஆளைப் பற்றி இப்போது. எங்கள் வட்டத்துக்குத் திரேஸ்புரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். படகில் கம்ப்ரசர் ஓட, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு எடுக்கிறவர். 'ராஜ முத்திரை' முடித்த அன்றைக்கு அவள் கேட்டாள்: "களவு போன முத்த மொதல்ல எடுத்தவன் பேரு என்ன சார்?"

பெயர் இல்லை. முத்தைத் திருடியவன், விற்றவன், தேடியவன், அணிந்தவள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. மூழ்கி எடுத்தவன் கதையை நடத்தும் ஆளாக எங்கும் வருவதில்லை. 'கபாடபுர'த்திலும் கதையைத் தோளில் சுமப்பவர்கள் அரசர், புலவர், பாணர்தான்.

இத்தனைக்கும் மாயமும் ஆபத்தும் அவனிடம்தான் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்', கொற்கையில் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. கைதி ஒருவன், காலில் கல், மேலே காவலன், கீழே ஒரு ராஜாவின் கழுத்துக்குப் போகப்போகிற முத்து. இதைவிட என்ன தொடக்கம் வேண்டும் ஒரு நாவலுக்கு? மார்க்கோ போலோ இன்னொன்று சொல்கிறார். சுறா வராமல் கடலைக் கட்ட மந்திரக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். பகலில் கட்டு, ராத்திரி அவிழ்ப்பு. ராத்திரியும் கட்டி வைத்தால் திருடன் பயமில்லாமல் குளித்துவிடுவான் அல்லவா. எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. நம் ஊரில் இவர்களைக் கடல்கட்டி என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் முத்துக்குளிப்பிலும் கடல்கட்டிக்குக் கூலி உண்டு. மந்திரத்தில் நம்பிக்கை இருந்து கொடுத்த கூலி இல்லை அது. அவர் வராவிட்டால் குளிப்பவர்கள் இறங்கமாட்டார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் முத்து சங்கில் கிடைக்கிறது என்று நினைக்கிறார்கள். பார் என்பது கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டு. விடியுமுன் தோணிகள் பாருக்குப் போய்விடும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து மூச்சைப் பிடித்து இறங்குவார். கல் சரசரவென்று இழுத்துக்கொண்டு போகும். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவர் அந்த அசைவைக் கையில் உணர்ந்து இழுப்பார். அவர் கவனம் ஒரு கணம் சிதறினால் போச்சு. அதனால் கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார். தன் உயிரை அந்நியன் கையில் யார் கொடுப்பார்? பிரிட்டிஷ் காலக் கணக்கில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. பிறகு சிப்பியை அழுகவிட்டு, புழு நெளிய நெளியக் கழுவித்தான் முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றம் கடற்கரை முழுக்க அடிக்கும். கொற்கை முத்தின் ஒளியை வர்ணித்த எவருக்கும் அந்த நாற்றம் எட்டவில்லை.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியின் குழு இங்கேயே சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டியது. ஆக இன்றைய பிள்ளைக்கு முத்துக்குளிப்பு என்பது தாத்தா காலத்துக் கதை. அதுதான் மாயக்கதைக்கு ஏற்ற தூரம்: நம்பும் அளவுக்குக் கிட்டே, கற்பனை செய்யும் அளவுக்கு எட்டே. நா.பா.வும் சாண்டில்யனும் அரண்மனைப் பக்கம் போனது அவர்கள் காலத்து வழக்கம். கல்கி போட்ட பாதை அது. ஆனால் கல்கிகூட 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரைப் படகோட்டிப் பெண் பூங்குழலியை இறக்கிவிட்டார். 2022இல் படம் வந்த பிறகு நாவலைத் தேடி வந்த பெண் பிள்ளைகள் பலருக்குக் குந்தவையைவிட அவளைத்தான் பிடித்திருக்கிறது. துடுப்பு அவள் கையிலேயே இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

ஆகவே என் சிபாரிசு இப்படி. பதின்மூன்று வயது வரை இந்த இரண்டும் வேண்டாம். கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கொடுக்கலாம். நம் காலத்துப் பையன் கீழடியின் பழங்காலத்துக்குள் போய் வரும் கதை, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அதைப் படித்தவனுக்கு, மண்ணுக்கடியில் ஊர் இருக்கிறது என்பது பாடம் இல்லாமலே புரிந்துவிடும். பதினாலு, பதினைந்தில் 'ராஜ முத்திரை'. தாராளமாகக் கையில் கொடுத்துவிட்டு, முடித்த பிறகு உட்கார்ந்து பேசுங்கள். பேச நேரம் இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். பதினாறில் 'கபாடபுரம்', வாரத்துக்கு இரண்டு அத்தியாயம், யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க. அதற்கு முன் கடல்கொண்ட கதையையும் அந்தப் பறக்கும் தேரையும் ஐந்து நிமிடம் சொல்லிவிட வேண்டும். சாண்டில்யன் பழக்கிவிட்ட கண் அதற்குள் நீண்ட வாக்கியத்துக்குப் பயப்படாது. காதும் கொஞ்சம் திறந்திருக்கும். மறுவரிசையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். 'கபாடபுர'த்தில் சோர்ந்தவர்கள் இரண்டாவது புத்தகத்துக்கு வரவே இல்லை.

பேசும்போது மட்டும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தால் போதும். இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காதீர்கள். உடனே பிள்ளை பரீட்சை எழுத ஆரம்பித்துவிடும். யார்மேல் உனக்குக் கோபம் வந்தது, எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனாய் என்று கேட்டால் உண்மை வரும். தாண்டிப்போன பக்கங்களைப் பற்றிய பேச்சு பல நேரம் படித்த பக்கங்களைவிட நன்றாக இருக்கும்.

ஜோ டி குருஸின் 'கொற்கை' இந்தக் கடலின் தோணிக்காரர்களையும் துறைமுகத்தையும் பெயர் பெயராகச் சொல்லும் நாவல், 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு என்றுதான் வைத்திருந்தேன். திரேஸ்புரத்துப் பெண் காத்திருக்கவில்லை. எங்கிருந்தோ வாங்கி ஆரம்பித்துவிட்டாள். எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "இவ்வளவு பேரா சார், வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். எத்தனையாம் பக்கம் என்று கேட்டேன். முந்நூறைத் தாண்டியிருந்தாள்.